வெள்ள அழிவும் பயிர் நட்டஈடும்

கனகராயன்குளப் பகுதியிற் காலபோக வேளாண்மைக்கு உயிர்நாடி வடகீழ்ப் பருவமழையேயாகும். அம்மழை அளவு கடக்குமாயின், கனகராயன் ஆற்றை அடுத்த தாழ்ந்த வயல்கள் முதலில் மூழ்கும். 2024 நவம்பரிற் பெய்த பெருமழையாலும், 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியாலும் வட மாகாணக் கமக்காரர் பெருநட்டம் அடைந்தனர். இத்தகைய காலத்தில் அரசாங்கம் வழங்கும் உதவியைப் பெறும் வழியை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் நெற்பயிர்க் காப்புறுதி 1958ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. இன்று கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபை, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இப்பணியைச் செய்கின்றது. 2024ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது நெல், சோளம், உருளைக்கிழங்கு, சோயா, மிளகாய், பெரிய வெங்காயம் ஆகிய ஆறு பயிர்களுக்கு ஹெக்டேயருக்கு உச்ச அளவாக 100,000 ரூபா அறிவிக்கப்பட்டது. ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கராகும். ஆகவே ஒன்றரை ஏக்கர் நெல் முற்றாக அழிந்தவருக்கு அவ்வீதப்படி ஏறக்குறைய 60,000 ரூபா உரியதாகும். பாதி அழிவுக்கு முழுத்தொகையை எதிர்பார்த்தல் கூடாது. இத்தொகை விளைச்சலின் விலையன்று. மறுபடியும் பயிரிடக் கைகொடுக்கும் உதவியேயாம்.

கத்தரி, வெண்டி, பயிற்றை முதலியன அவ்வாறு பயிர்களுள் அடங்கா. 2025ஆம் ஆண்டு அழிவின் பின்னர் மரக்கறிச் செய்கைக்கும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பயிர்வகையும் தொகையும் ஒவ்வோர் அறிவித்தலிலும் மாறக்கூடும். எனவே, அயலார் கூற்றை நம்பாது கமநல சேவை நிலையத்தில் விசாரித்து அறிக.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. விதைத்தவுடன் பயிரின் வகை, பரப்பு, விதைத்த தேதி ஆகியவற்றைக் கமநல சேவை நிலையத்திற் பதிவு செய்க. வெள்ளம் வந்தபின் பதிவு தேடுதல், நெல் அறுத்தபின் வேலி அடைத்தலை ஒக்கும்.

2. குத்தகைக்குச் செய்வோர் தம் பெயரிலேயே செய்கையைப் பதிவித்தல் வேண்டும். நட்டப்பட்டவர் ஒருவர், பணம் பெறுபவர் வேறொருவர் என்னும் பிணக்குப் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது. காணிச் சொந்தக்காரருடன் விதைப்புக்கு முன்னரே பேசித் தெளிதல் நன்று.

3. அழிவு நேர்ந்தவுடன் கமக்காரர் அமைப்புக்கும் கமநல சேவை நிலையத்திற்கும் எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருக்க. நீர் நிற்கும்போதே கைபேசியாற் படமும் எடுத்துக்கொள்க.

4. அலுவலர் பார்வையிடுமுன் வயலை உழுதுவிடாதிருக்க. உழுத நிலத்தில் அழிவின் அளவை மதிப்பிடல் அரிது. மறுவிதைப்புக்குக் காலம் நெருங்கினால், அதனை அலுவலருக்குத் தெரிவித்து விரைவிற் பார்வையிடச் செய்க.

5. அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க. எழுத்துப் பிழை ஒன்றே கொடுப்பனவைத் தாமதப்படுத்தப் போதுமானது.

பார்வையிடுதலுக்குக் காத்திருக்கையில் வாளாவிருத்தல் தகாது. வாய்க்காலைத் துப்புரவாக்கி நீரை வடித்தால் தப்பிய பயிரைக் காக்கலாம். தப்பிய பயிரும் தவறாத பதிவுமே அடுத்த போகத்திற்கு முதலாகும்.