சுவரில் ஒரு நிலக்காட்சி, மூன்று துண்டுகளாக

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் மாறுவது சுவர்தான். சாயம் பூசுகிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ துணிமணி எடுக்கப் போனவர்கள், வழியில் தளவாடக் கடையில் நுழைந்து மூன்று துண்டாக வரும் கேன்வாஸ் படத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதை எங்கே மாட்டுவது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. பல வீடுகளில் தாத்தா பாட்டி படம் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் இது ஏறிவிடுகிறது. அது வேண்டாம் என்பது என் கட்சி. மாலை போட்ட படம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். புதுப் படத்துக்கு வேறு சுவர் பாருங்கள்.

இந்தப் படங்களை அரூப நிலக்காட்சி என்கிறோம். மலையை மலையாகவே வரையாமல், அதன் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பிடிப்பது. மூவாரில் பிறந்த சைட் அகமட் ஜமால் 1978-இல் 'குனோங் லேடாங்' என்ற ஓவியத்தில் லேடாங் மலையை முக்கோண வடிவமாக்கிக் காட்டினார். மரம், பாறை என்று எண்ணிப் பார்க்க முடியாது. ஆனாலும் மலை தெரியும்.

ஒரே படத்தை ஏன் துண்டாக்க வேண்டும்? ஐரோப்பிய தேவாலயங்களில் கதவுபோல் மூடித் திறக்கும் மூன்று பலகை ஓவியங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உண்டு. நமக்கு உள்ள காரணம் எளியது. ஐந்தடிப் படம் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில் ஏறுவது சிரமம். மூன்று துண்டு என்றால் மைவியின் பின் இருக்கையிலேயே வந்துவிடும்!

வாங்குவதற்கு முன் சோபாவை அளந்துகொள்ளுங்கள். படத்தின் மொத்த அகலம் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். ஏழடி சோபா ஏறத்தாழ 213 சென்டிமீட்டர். அதற்கு 142 சென்டிமீட்டர் படம் போதும். அதாவது 44 சென்டிமீட்டரில் மூன்று துண்டு, நடுவே ஐந்து ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. இடைவெளி கூடினால் ஒரே நிலம் என்ற எண்ணம் போய், மூன்று தனிப் படமாகிவிடும். சோபாவின் முதுகுக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டால் போதும். நம்மவர்கள் கூரையை ஒட்டி மாட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். சுவரில் துளை போடும் முன், பழைய நாளிதழை அதே அளவில் வெட்டி ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். செலவே இல்லாத வேலை.

நம் நாட்டு ஈரக்காற்று கேன்வாசுக்கு எதிரி. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். மேற்கு வெயில் நேரே விழுந்தால் அச்சுச் சாயம் வெளுக்கும். சாமி மேடைக்கு அருகே விளக்குப் புகையும் சாம்பிராணியும் படியும். தூசியைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி ஆகாது.

இன்னொன்று. கடைகளில் பாதிக்கு மேல் இலையுதிர்காலச் சிவப்பு மரங்களும் பனிமலைகளும்தான். நம்மில் பலருடைய பெற்றோர் பார்த்து வளர்ந்தது பால்மரக் காட்டையும் லயத்துச் செம்மண் பாதையையும். அந்தத் தோட்டங்களில் எத்தனையோ இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்த நிறங்கள் ஏன் நம் சுவரில் இருக்கக் கூடாது? கோலாலம்பூர் மத்தியச் சந்தைப் பக்கம் போனால் ஓவியர்களிடம் நேரிலேயே பேசலாம். சொல்லி வரையச் சொன்னால் அச்சுப் படத்தைவிட விலை கூடத்தான் ஆகும். சுவரின் அளவையும் சோபாத் துணியின் நிறத்தையும் கொண்டுபோங்கள். பழைய தோட்டப் புகைப்படம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலைப் பனியா, மாலை மழையா என்பதை அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போவது இன்னும் நல்லது.