கறிவேப்பிலையை ஏன் பறிக்கிறார்கள்?

பிரான்சில் வாழும் தம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சென்று திரும்பிய தாய் ஒருவர், ஞாயிறு பூசை முடிந்த கையோடு என்னிடம் வந்து முறையிட்டார். "சுவாமி, நான் என்ன கஞ்சாவே கொண்டுபோனனான்? எங்கட வளவிலை ஆய்ஞ்ச கறிவேப்பிலைதானே! அதைப் பறிச்சுக் குப்பைத் தொட்டிக்குள்ளை போட்டிட்டாங்கள்." கறிவேப்பிலையோடு, வறுத்துப் பொதி செய்த ஆட்டிறைச்சியும் ஒரு போத்தல் நெய்யும் போயிற்றாம். ஆனால் மூன்று கிலோ கருவாட்டை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "நாறுற கருவாட்டை விட்டிட்டு வாசமான இலையைப் பறிக்கிறதெண்டால், இதுவும் ஒரு சட்டமே?"

அவரது கேள்வி நியாயமானது. இன்று எமது கிராமங்களில் வெளிநாட்டுக்குப் பொதி கட்டாத வீடு அரிது. ஆயினும் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது, ஏன் என்பதை எவரும் எமது மக்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. பயணச்சீட்டு விற்பவர் பொதியின் நிறையை மட்டும் சொல்லி அனுப்புகிறார். விமான நிலையத்தில் பொதியைத் திறந்து கிளறும்போதோ அது ஓர் அவமானமாகவே மனதில் தைக்கிறது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நன்று.

கறிவேப்பிலையில் இருந்தே தொடங்குவோம். எமது வளவிலுள்ள கறிவேப்பிலை மரம் பெரும்பாலும் நோயின்றிச் செழிப்பாகவே நிற்கும். குற்றம் மரத்தில் இல்லை. அதன் இளந்தளிரை விரும்பித் தேடிவரும் ஒரு சிறு பூச்சியே சிக்கலுக்குக் காரணம். மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளமே உள்ள இப்பூச்சி தளிரின் சாற்றை உறிஞ்சி வாழ்கின்றது. மடிந்திருக்கும் கொழுந்துகளுக்கிடையே முட்டையிடுகின்றது. தென்னாசியா எங்கும் இது உண்டு. கறிவேப்பிலையும், தோடை, எலுமிச்சை, தேசி ஆகியனவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலால் இப்பூச்சி கறிவேப்பிலையிலிருந்து தோடை மரத்துக்கு எளிதில் குடிபெயர்ந்துவிடும். அவ்வாறு செல்லும்போது, தன் உடலில் ஒருவகைப் பற்றீரியாவையும் சுமந்து செல்லக்கூடும்.

அந்தப் பற்றீரியா தோடை மரத்துள் நுழைந்தால் இலைகள் ஒழுங்கின்றி மஞ்சளாகின்றன. காய்கள் கோணிச் சிறுத்து, பழுத்த பின்னும் பச்சையாகவே இருந்து கசக்கின்றன. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகின்றது. இதற்கு இன்றுவரை மருந்து இல்லை. சீனர்கள் இதனை 'மஞ்சள் தளிர் நோய்' எனும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இப்பூச்சி 1998இல் காணப்பட்டது. நோய் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் அங்கு 240 மில்லியன் பெட்டிகளுக்கு மேல் தோடம்பழம் பறிக்கப்பட்டது. 2022-23 பருவத்தில் கிடைத்ததோ 16 மில்லியன் பெட்டிகள் அளவே. புயல்களும் இந்த அழிவுக்குத் துணைபோயின என்பது உண்மைதான். ஆயினும் தோட்டங்களை முதலில் நலியச் செய்தது இந்த நோயே.

இது நூல்களில் மட்டும் எழுதப்பட்ட அச்சமன்று. 2009இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு பொதியை மோப்ப நாயொன்று காட்டிக் கொடுத்தது. உள்ளே இருந்தவை கறிவேப்பிலைகள். அவற்றில் இப்பூச்சிகள் இருந்தன. சோதித்தபோது அவற்றின் உடலில் அந்தப் பற்றீரியாவும் இருந்தது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு அன்போடு அனுப்பிய பொதியாகவே அது இருந்திருக்கும். அதைக் கட்டும்போது அவரது கண்ணுக்கு அதில் எதுவுமே தெரிந்திராது. எமது தாய்மாரும் இலையைக் கழுவித்தான் கட்டுகிறார்கள். ஆனால் தளிரின் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் முட்டையைக் கழுவி அகற்றிவிட்டோம் என்று எவராலும் உறுதி கூறமுடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மிளகாய், மல்லியுடன் கறிவேப்பிலையையும் வறுத்துச் சேர்ப்பது எமது வழக்கம். அந்தத் தூள் உலகின் பல விமான நிலையங்களைத் தடையின்றித் தாண்டிச் செல்கிறது. அதே மரத்து இலைதான். ஆனால் சட்டியில் வறுபட்டபின் அதில் உயிருள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. பரிசோதிப்பவர் தேடுவது இலையை அல்ல, இலையோடு சேர்ந்து பயணம் செய்யும் உயிரை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அப்படியாயின் வறுத்த ஆட்டிறைச்சியை ஏன் எடுத்தார்கள்? இறைச்சியின் கதை சற்றே வேறுபட்டது. கால்நடை நோய்களை உண்டாக்கும் சில வைரசுகள் உப்பிலும் புகையிலும் உலர்த்தலிலும் சாவதில்லை. நன்றாகச் சமைத்தால் சாகும். ஆனால் ஒரு பொதி எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் வெந்தது என்பதைப் பார்த்தவுடன் சொல்ல எவராலும் முடியாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம், வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் இறைச்சி, பால் பொருட்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. நெய்யும் இதற்குள் அடங்கும். 2001இல் பிரித்தானியாவில் கோமாரி நோய் பரவியபோது ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சட்டவிரோதமாக வந்த இறைச்சியின் கழிவு, நன்கு அவிக்கப்படாமல் ஒரு பண்ணையில் பன்றிகளுக்கு ஊட்டப்பட்டதே அதன் தொடக்கம் என விசாரித்தவர்கள் கருதினர்.

அதற்கும் முன்னர், 1957இல், ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாக ஆபிரிக்காவை விட்டு வெளியேறியதும் இவ்வாறே. லிஸ்பன் நகரில், விமானங்களில் மிஞ்சிய உணவு விமான நிலையத்துக்கு அருகிலிருந்த பன்றிகளுக்குப் போடப்பட்டது. போத்துக்கலும் ஸ்பெயினும் அந்நோயிலிருந்து விடுபட 1990களின் நடுப்பகுதி வரை சென்றது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றிகள் ஏறக்குறைய அனைத்தையும் கொன்றுவிடும்.

அபிவிருத்திப் பணியில் உள்ளோர் இந்நோயைப் பற்றிப் பேசும்போது எயிற்றி நாட்டை மறக்கமுடியாது. அங்கு கறுப்பு நிறக் கிராமத்துப் பன்றியே ஏழைக் குடியானவனின் வங்கி. கிடைத்ததைத் தின்று வளரும். பள்ளி தொடங்கும்போதோ வீட்டில் ஒரு மரணம் நேரும்போதோ அதனை விற்றுக் காசாக்குவார்கள். 1978இல் அயல்நாடாகிய டொமினிக்கன் குடியரசில் தோன்றிய நோய் எயிற்றிக்கும் பரவியது. அது மேலும் பரவாதிருக்க, வெளிநாட்டு உதவியுடன் 1982-83இல் நாட்டின் பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. மாற்றாக ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்குச் சீமெந்துத் தரையும் கூரையும் விலைகொடுத்து வாங்கும் தீவனமும் வேண்டியிருந்தன. தம் வீட்டைவிட நல்ல வீடு கேட்ட அந்த விலங்குகளை மக்கள் 'நாலுகால் இளவரசர்கள்' எனக் கேலி செய்தனர். நோய் பாதிக் கொடுமை, அதனைத் தீர்த்த முறை மறுபாதிக் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

எமது நாட்டிலும் இந்நோய் 2024 ஒக்டோபரில் உறுதிப்படுத்தப்பட்டது. புத்தளம், நீர்கொழும்புப் பக்கமாக ஐந்தாறு பன்றிகளை வைத்து, உணவகங்களின் மிச்சத்தைப் போட்டு வளர்க்கும் குடும்பங்கள் பல. இதற்குச் சிகிச்சை கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவரும் ஒரு பன்றியிறைச்சிப் பொதியின் மிச்சம் கடைசியில் எந்தத் தொட்டிக்குப் போய்ச் சேரும் என்பதை இக்குடும்பங்களை மனதில் வைத்தே எண்ணிப் பார்க்க வேண்டும். மிச்ச உணவு போடுபவர்கள் அதனை நன்றாகக் கொதிக்க வைத்த பின்னரே போடுவது அவசியம்.

ஆக, சட்டம் வெளிநாட்டவரைக் காப்பதற்கு மட்டுமன்று. எமது பக்கம் வரும் பொதிகளையும் நாம் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. வேளாங்கண்ணியோ நாகபட்டினத்தின் அருகிலேயே உள்ளது. திருத்தலத்துக்குச் சென்று வருபவர்கள் மெழுகுதிரியும் எண்ணெயும் கொண்டு வருவதோடு நிற்பதில்லை. மல்லிகைக் கன்று, றோசாத் தடி, கத்தரி விதை என்று ஏதாவது ஒன்றும் கைப்பையுள் வந்துவிடும்.

நானும் இதில் குற்றவாளியே. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் ஒரு விவசாயப் பயிற்சிக்குச் சென்று திரும்பியபோது, மூன்று ஒட்டுமாங்கன்றுகளை மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். எமது நாற்றுமேடையில் தாய்மரமாக்கி ஊருக்கெல்லாம் கொடுப்பதே என் எண்ணம். இறங்கியதும் இறக்குமதி அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. நான் அணிந்திருந்த அங்கி அதற்கு ஈடாகும் என்று உள்ளூர நம்பியிருந்தேன் போலும். கன்றுகளை எடுத்துச் சென்றபோது கோபமே வந்தது. பின்னர் ஒரு விவசாயப் போதனாசிரியர்தான் அமைதியாக எடுத்துச் சொன்னார்: "மாங்கன்றை விடுங்கோ சுவாமி, அந்த ஒரு பிடி மண்ணிலை என்னென்ன இருக்குமெண்டு உங்களுக்குத் தெரியுமே?" பங்கசு வித்துக்களும், நெமற்றோடு எனப்படும் நுண்புழுக்களும் மண்ணோடுதான் பயணம் செய்கின்றன. ஊருக்கெல்லாம் கன்று கொடுக்க நினைத்தவன் ஊருக்கெல்லாம் நோயையும் கொடுத்திருக்கலாம்.

அவர் பப்பாசியின் கதையையும் நினைவூட்டினார். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளுக்குரிய ஒரு மாப்பூச்சி 2008இல் இலங்கையில் தோன்றியது. வெள்ளை மாவைத் தூவியதுபோல் இலையிலும் காயிலும் அப்பிக்கொண்டு, பப்பாசியோடு நில்லாமல் மரவள்ளி போன்ற பயிர்களையும் தாக்கியது. நஞ்சு தெளித்தும் பெரிதாகப் பயனில்லை. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் படை அதனைக் காத்துக்கொண்டது. முடிவில் 2009இல், அப்பூச்சியின் உடலுள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் சிறு குளவிகள் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து முறைப்படி தருவிக்கப்பட்டு விடப்பட்டன. அதன் பின்பே நிலைமை சீரடைந்தது. கவனியுங்கள், அந்தக் குளவியும் எல்லை கடந்து வந்த உயிர்தான். ஆனால் அது அனுமதியோடும், வேறு எதையும் தாக்காது என்ற சோதனையோடும் வந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். இலங்கைக்குள் கன்று, தடி, விதை, மண் எதுவாயினும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உண்மையாகவே தேவைப்படுவோர் விவசாயத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு கொண்டுவரலாம். இங்கிருந்து கொண்டுசெல்வோருக்கும் அச்சான்றிதழைப் பெறும் வழி உண்டு. கட்டுநாயக்கவில் அதற்கான சேவை நிலையம் இருக்கின்றது. ஒரு பிடி இலைக்காக அவ்வளவு சிரமப்படுவது தகுமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசெம்பர் முதல், பயணியின் பொதியிலுள்ள புதிய பழம், காய்கறி, இலை அனைத்துக்கும் இச்சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், தூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மீனை, கருவாடு உட்பட, ஒருவர் 20 கிலோ வரை கொண்டுசெல்லலாம். அந்தத் தாயின் கருவாடு தப்பியது இதனால்தான்; பண்ணை விலங்குகளைத் தாக்கும் கோமாரி போன்ற நோய்கள் கடல்மீனில் வருவதில்லை. அவுஸ்திரேலியாவில் இறங்குமுன் தரும் அட்டையில் உணவு உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதிக் காட்டினால், பொருளை எடுத்தாலும் தண்டம் விதிப்பதில்லை. மறைத்து அகப்பட்டால் தண்டம் மட்டுமன்றி, விசாவும் ரத்தாகலாம். 2019 ஒக்டோபரில் பன்றியிறைச்சி உள்ளிட்ட உணவுகளை மறைத்துச் சிட்னியில் இறங்கிய வியட்நாமியப் பெண்ணொருவர் அவ்வாறே திருப்பி அனுப்பப்பட்டார். நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டொலர் கட்டவேண்டும்.

எம்மவரின் பைகளைக் கிளறும் அளவுக்குப் பெரு வணிகரின் கொள்கலன்களும் கிளறப்படுகின்றனவா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். கொள்கலன்களுக்கும் சட்டம் உண்டு. பெட்டியடிக்கும் பலகைகூடச் சூடாக்கி முத்திரை குத்தப்பட வேண்டும். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் அனைத்தையும் திறந்து பார்ப்பது இயலாத காரியம். அவரது ஐயம் முற்றிலும் தவறானதன்று.

முறையிட்ட தாய், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு மீண்டும் போகவிருக்கிறார். இம்முறை பட்டியலை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். கருவாடு, கறித்தூள், ஒடியல் மா, இரண்டு தேங்காய். "மாம்பழம்?" என்று கேட்டார். பழ ஈயின் புழு உள்ளே இருக்கலாம், வேண்டாம் என்றேன். "முருங்கைக்காய் எண்டாலும்?" அதற்கும் சான்றிதழ் வேண்டும், அம்மா, என்றேன். சற்று யோசித்துவிட்டு, இந்தமுறை தூளுக்குக் கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு வறுக்கப்போவதாகச் சொல்லிச் சென்றார்.