கடல் கடந்த அன்பும் உள்ளூர்க் கணக்கும்

மொழி, சமயம், நாடு ஆகிய எல்லைகளைக் கடந்து வாழ்க்கைத் துணையைத் தேடுவது இன்று அரிதான செயலன்று. திருமண இணையதளங்களும் நட்புச் செயலிகளும் அதற்கு வழி திறந்துள்ளன. அதே வழியில் மோசடியாளர்களும் நுழைகின்றனர்.

இலண்டனில் மருத்துவர், எண்ணெய்க் கப்பலில் பொறியாளர், அயல்நாட்டுப் படையில் அதிகாரி என ஒருவர் அறிமுகமாவார். சில வாரங்கள் காலையும் இரவும் கனிவான செய்திகள் வரும். காணொலி அழைப்பில் முகம் காட்டக் கேட்டால், பணியிடத்தில் அனுமதியில்லை என்பார். பேச்சில் ஏதேனும் உறுத்தினால், 'எங்கள் நாட்டு வழக்கம் அது' என்பார். அயல்நாட்டு வழக்கங்களை நாம் அறியாதிருப்பதே அவருக்குத் திரையாகிறது.

பின்னர், நகையும் வெளிநாட்டுப் பணமும் அடங்கிய பரிசுப் பார்சலை அனுப்பியதாகக் கூறுவார். அடுத்து, தில்லி விமான நிலையச் சுங்க அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வரும். முதலில் சுங்கத் தீர்வை, பிறகு அபராதம், அதன்பின் வழக்கைத் தவிர்க்கக் கட்டணம் எனத் தொகை ஏறிக்கொண்டே போகும்.

பெறுநர் யார்?

இந்நிலையில் வாடிக்கையாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்பணம் யாருடைய கணக்கிற்குச் செல்கிறது? அன்பர் இருப்பதாகச் சொல்வது வெளிநாட்டில். தீர்வை சேர வேண்டியது அரசுக்கு. ஆனால், தரப்படும் எண்ணோ இந்தியாவில் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்கு. சுங்கத் தீர்வை எக்காலத்தும் தனிநபர் கணக்கில் செலுத்தப்படுவதில்லை.

யுபிஐ வழியில் பணம் அனுப்பும் முன் பெறுநரின் பெயர் திரையில் தோன்றும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழிகளிலும் பெறுநரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் வழங்க வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. அப்பெயரைப் படித்த பின்னரே பணம் அனுப்புக.

அறிந்துகொள்ள வேண்டியவை

• 2019 நவம்பர் முதல் சுங்கத்துறைக் கடிதங்களில் ஆவண அடையாள எண் இடம்பெறுகிறது. அதனை மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

• 5,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகளையோ, காசோலை முதலியன உட்பட மொத்தம் 10,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுச் செலாவணியையோ கொண்டுவருபவர் அதனைச் சுங்கத்துறையிடம் தாமே அறிவிக்க வேண்டும். அதற்காக மற்றொருவர் பணம் கட்டத் தேவையில்லை.

• வெளிநாட்டுப் பணத்தை விடுவிக்க ரிசர்வ் வங்கி பொதுமக்களிடம் கட்டணம் கேட்பதில்லை.

• அன்பின் பெயரால் கேட்டாலும், பிறர் பணத்தைப் பெற்று அனுப்ப உங்கள் கணக்கைத் தராதீர்கள். காவல்துறை விசாரணை கணக்குதாரரிடமே வரும்.

பணம் அனுப்பிவிட்டால்

தாமே அனுப்பிய பணத்தை மற்றொருவர் கணக்கிலிருந்து வங்கி தன் விருப்பப்படி திரும்ப எடுக்க இயலாது. ஆனால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் எடுக்கப்படும் முன் அதனை முடக்கும் வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, கிளைக்கும் தெரிவியுங்கள். உரையாடல்களையும் பரிவர்த்தனை எண்களையும் அழிக்காதீர்கள்.

பலர் இழந்த பணத்தினும் ஊரார் பேச்சுக்கே அஞ்சி மௌனம் காக்கின்றனர். அந்த மௌனத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடியாளருக்கே உதவுகிறது. நம்பியது குற்றமன்று. தயங்காமல் உடனே புகார் அளியுங்கள்.