பிதர்கனிகா: முதலைக் கணக்கு மட்டும் போதாது

ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில், பிராமணி, பைதரணி ஆறுகள் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது பிதர்கனிகா அலையாத்திக் காடு. 1975-இல் சரணாலயம், 1998-இல் 145 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியல் என்று பாதுகாப்பு படிப்படியாக வந்தது. பலனும் கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் நூறுகூட இல்லாத உவர்நீர் முதலைகள் இன்று 1,700-ஐத் தாண்டிவிட்டன. காட்டுக்குள் இருக்கும் டாங்மாலில் முட்டைகளைப் பொறுக்கிவந்து, குஞ்சு பொரிக்கவைத்து, வளர்த்து ஆற்றில் விட்டவர்களின் உழைப்பு அது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய உழைப்பு.

ஆனால் அந்த எண்ணிக்கையை வைத்துக் காடும் நலம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. உவர்நீர் முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் உண்டு. ஓடையில் உப்பு ஏறினாலும் வளர்ந்த முதலை தாக்குப்பிடிக்கும். இந்தக் காட்டின் சுந்தரி மரம் தாங்காது.

அலையாத்திக் காட்டு மரமென்றால் எவ்வளவு உப்பானாலும் வளரும் என்றே பலரும் நினைக்கிறோம். வெண்கண்டல் மரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். அதன் இலையைத் தடவினால் நுண்ணிய உப்புப் பொடி விரலில் ஒட்டும்; உள்ளே வந்த உப்பை இலை கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. சுந்தரிக்கு அப்படி உப்பைக் கசியவிடும் இலை கிடையாது. சேற்றுக்கு மேலே முளைக்குச்சிகள்போல மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு, ஆற்றின் நன்னீர் தாராளமாக வந்து கலக்கும் இடத்தில்தான் அது செழிக்கும். நன்னீர் குறைந்தால் கன்றுகள் முதலில் போகும். பெரிய மரம் உச்சியிலிருந்து காய்ந்து இறங்கும். அதுவரை படகில் போகிறவர் கண்ணுக்குக் காடு பச்சையாகவே தெரியும்.

பிராமணியின் நீரை வழியிலேயே எடுத்துக்கொள்ள ஆள் நிறைய. ரெங்காலியில் அணை. ரூர்கேலாவில் எஃகு, அங்குல்–தால்சேர் வட்டாரத்தில் நிலக்கரியும் அனல்மின்னும் அலுமினியமும், கலிங்கநகரில் மறுபடி எஃகு, இவற்றோடு பாசனம். பூங்காவின் எல்லைக்கல் இவற்றில் எதையும் தடுக்காது. வனத்துறையிடம் இருப்பது காடு; காட்டை வாழவைக்கும் ஆறு வேறு துறைகளின் கையில். கரையோரமாக உவர்நீரைத் தேக்கி இறால் வளர்க்கும் ‘கெரி’கள் வேறு. 1999 பெரும்புயலில் கேந்திரபாடாவில் அலையாத்தி மறைவில் இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று ஆய்வே காட்டியிருக்கிறது. அந்த மறைவைத்தான் இப்படி மெலியவிடுகிறோம்.

இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்தால் போதும். காவிரிக் கடைமடைக்கு நன்னீர் வரத்து சுருங்கிப்போன அந்தக் காட்டில் பெரும்பகுதி இன்று வெண்கண்டல் ஒன்றே.

பிதர்கனிகாவில் ஆண்டுதோறும் ஜனவரியில் முதலைகளை எண்ணி அறிவிக்கிறார்கள். கோடையில், ஆறு வற்றி உப்பு ஏறும் நாட்களில், ஓடைகளின் உப்பளவையும் அதே ஒழுங்கோடு அளந்து வெளியிட வேண்டும். முகத்துவாரத்துக்கு இவ்வளவு நீர் வந்தே தீர வேண்டும் என்று ஓர் அளவை வரையறுத்து, அதைக் கழித்த பிறகே மேலே அடுத்த ஆலைக்கு நீர் ஒதுக்க வேண்டும்.