மின்நிறுத்தமும் மின்நீக்கமும்

சுங்கை பூலோ நிலையத்தில் இருவகைத் தொடர்வண்டிகள் அருகருகே வந்து செல்கின்றன. கேடிஎம் கொமுட்டர் வண்டி மேல்நிலைக் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெறுகிறது. எம்ஆர்டி வண்டியோ பாதையோரம் அமைந்த மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்திசை மின்சாரத்தைப் பெறுகிறது. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் இந்த இடத்தில் பழுதுபார்க்கும் பணியாளர் எவ்வாறு உயிரோடு வீடு திரும்புகிறார் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

வீட்டிலுள்ள 230 வோல்ட் கம்பி பெரும்பாலும் தொட்டவரைத்தான் தாக்கும். உயர் மின்னழுத்தக் கம்பி நெருங்கியவரையும் தாக்கும். இடையிலுள்ள காற்று மின்காப்பை இழக்க, மின்பொறி உடலை நோக்கிப் பாய்ந்துவிடும். வண்டியின் கூரைமீது ஏறுவோர் கம்பியைத் தொடாமலேயே மாள்வது இதனால்தான். ஓர் ஆம்பியரின் இருபதில் ஒரு பங்கு மின்னோட்டம் மார்பின் வழியே ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும்.

இங்கே மொழி பற்றிய ஒரு வினா எழுகிறது. “கரண்ட் இல்லை” என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். விசை அணைக்கப்பட்டது என்பதா அதன் பொருள்? கம்பியில் மின்சாரமே இல்லை என்பதா? இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னதை மின்நிறுத்தம் என்றும், பின்னதை மின்நீக்கம் என்றும் வேறுபடுத்தலாம். நிறுத்தியதெல்லாம் நீங்கியதாகிவிடாது.

காரணங்கள் மூன்று. நீண்ட வடங்களிலும் மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் எஞ்சியிருக்கும். அருகில் இணையாகச் செல்லும் கம்பி, நிறுத்தப்பட்ட கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். மறுமுனையிலுள்ள மின்னாக்கியிலிருந்தோ கூரைச் சூரியத் தகட்டிலிருந்தோ மின்சாரம் பின்னோக்கி வரவும் கூடும்.

ஆகவே, பணிக்குமுன் ஐந்து படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுவர். முதலாவது, எல்லாப் பக்கங்களிலிருந்தும் இணைப்பைத் துண்டித்தல். இரண்டாவது, யாரும் மீண்டும் இணைக்காதவாறு விசையைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிடுதல். மூன்றாவது, மின்சாரம் இல்லையெனச் சோதித்தல். சோதனைக்கு முன்னும் பின்னும் சோதனைக் கருவியையே சோதிக்க வேண்டும். பழுதான கருவியும் “இல்லை” என்றுதான் காட்டும். நான்காவது, கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் புவியோடு இணைத்தல். ஐந்தாவது, அருகில் மின்னோட்டமுள்ள பகுதிகளை மறைத்தல்.

நான்காம் படியிலும் ஒரு வரிசை உண்டு. இணைப்புக் கம்பியின் ஒரு முனையை முதலில் புவியில் பொருத்திய பின்னரே, மின்காப்புக் கோலால் மறுமுனையை மின்கம்பியில் மாட்டுவர். மாற்றிச் செய்தால், கம்பியில் மின்சாரம் இருக்கும் நிலையில், கையிலுள்ள முனையே கொல்லும். கழற்றும்போது இவ்வரிசை தலைகீழாகும்.

மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டமும், அதன்கீழ் வந்த 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகளும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ், அதனைப் பெற்றவர் எந்த மின்னழுத்தம் வரை பொறுப்பேற்கலாம் என்பதை வரையறுக்கிறது. உயர் மின்னழுத்தத்தில் துணிச்சல் தகுதியாகாது.

பொதுமக்களுக்குரிய விதி எளியது. அறுந்து விழுந்த கம்பியை மின்சாரம் உள்ளதாகவே கருத வேண்டும். அதனைச் சுற்றியுள்ள நிலத்திலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். இரு பாதங்களுக்கிடையே அது வேறுபடுமாயின், கால்கள் வழியே மின்னோட்டம் பாயும். எனவே 10 மீட்டருக்கேனும் அப்பால் நின்று, 999 எண்ணையோ தெனாகா நேஷனலின் 15454 எண்ணையோ அழைத்தல் வேண்டும். ஏற்கெனவே அருகில் நிற்போர் பாதங்களைத் தூக்காமல், ஒட்டியவாறே சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் மின்னியல் பாடத்தை நடத்தும்போது, நிறுத்தத்துக்கும் நீக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்களாலேயே பதியவைக்கலாம். நம் மாணவர் சிலர் நாளை துணைமின்நிலையங்களில் பணியாற்றுவர். தோழர் ஒருவர் “நிறுத்தியாயிற்று” என்று சொல்லும்போது, “நீக்கியாயிற்றா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்களாயின், வகுப்பறையில் கற்ற சொல் அங்கே ஓர் உயிரைக் காக்கும்.