பிளாஸ்டிக் குருணையை ஏன் உலர்த்த வேண்டும்?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மழைக்காலத்தில் மோல்டிங் எந்திரத்திலிருந்து வரும் பொருளின் மேல் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரத்தைத்தான்.

பிளாஸ்டிக்கில் ஈரமா? பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவை நீரை அநேகமாக உறிஞ்சுவதில்லை. ஆனால் நைலான், பாலிகார்பனேட், பெட் (PET) ஆகியவற்றின் மூலக்கூறுகளில் நீரை ஈர்க்கும் பகுதிகள் உண்டு. காற்றின் ஈரம் மெல்ல மெல்லக் குருணையின் உள்ளே ஊடுருவிவிடும். துணியால் துடைத்துப் பயனில்லை.

அதனால் என்ன கெடுதல்? உருகும் சூட்டில் நீர் ஆவியாகிக் கீற்றுகளையும் குமிழ்களையும் உண்டாக்கும். அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாது. பாலிகார்பனேட், பெட் போன்றவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அந்த நீரே வெட்டிவிடும். பார்க்க நன்றாக இருக்கும் பொருளும் கீழே விழுந்தால் உடையும். பிறகு உலர்த்தினாலும் வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டாது.

எப்படி உலர்த்துவது? சூடு மட்டும் போதாது. காற்றும் வறண்டிருக்க வேண்டும். ஈரம் நீக்கும் டிரையரில் மூலக்கூறுச் சல்லடை என்னும் உறிஞ்சுபொருள் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் தேவை, ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். நைலானுக்குச் சுமார் 80 டிகிரி. சூடு மிஞ்சினால் மஞ்சளாகும்.

உலர்ந்த குருணையைத் திறந்து வைத்தால் ஈரம் மீண்டும் ஏறும். மூடிய ஹாப்பரிலிருந்து நேராக எந்திரத்துக்கு அனுப்புங்கள். பிரித்த மூட்டையை உடனே இறுகக் கட்டுங்கள்.