கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால்...

கொள்ளுப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் நின்று பார்த்தால், துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பல்கள் தூரத்தில் தெரியும். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று கிளம்பி அலை கல்லில் மோதும்போதும் அவை அசையாதவை போலவே தோன்றும். 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் பின்னர், 1914இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை உருவானது. பல தடவை திருத்தப்பட்டு இன்றும் அது நடைமுறையில் உள்ளது. உயிர்காப்புப் படகு, வானொலிக் கருவி எல்லாம் அதன்படி கட்டாயம். ஆனால் மீன்பிடி வள்ளங்களுக்கு அதன் பெரும்பகுதி பொருந்தாது. எமது சகோதரிகளின் கணவரும் பிள்ளைகளும் போவதோ வள்ளத்தில்தான்.

2013 யூன் 8ஆம் திகதி தெஹிவளை, பேருவளை, பலப்பிட்டிக் கரைகளில் என்ன நடந்தது என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். திடீரென வீசிய கடும் காற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தனர். தக்க எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று உறவினர்கள் குமுறினர். 2011 நவம்பர் 25ஆம் திகதியும் தென்கரை இப்படியொரு காற்றைக் கண்டிருந்தது. பலநாள் படகுகளிலாவது வானொலி இருக்கிறது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகில் கைத்தொலைபேசிதான். கரை மறைந்து கொஞ்சத் தூரம் போனால் அதுவும் ஊமை. உயிர்காப்பு அங்கி வீட்டு மூலையில் தொங்கும். வலை இழுக்க இடைஞ்சலாம்!

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலின்போது கன்னியாகுமரி மீனவர் பலர் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தனர். அவர்களைத் தேடித் தருமாறு கேட்டு டிசம்பர் 7ஆம் திகதி குழித்துறைப் புகையிரத நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தனர். பெண்களும் பெருந்தொகையாக இருந்தனர். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள இந்தியச் சட்டப்படி பொதுவாக ஏழு வருடம் செல்ல வேண்டும். அவ்வளவு காலம் காத்திராமல் அக்குடும்பங்களுக்கும் 20 இலட்சம் ரூபா இழப்பீடு கிடைத்தது என்றால், அதற்கு அந்தப் பெண்களின் பிடிவாதமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உடல் கிடைக்காத மரணம் எமது வாசகியருக்குப் புதியதல்ல. மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கும் காணி உறுதியும் முடங்கிக் கிடப்பதை அனுபவத்தில் அறிவீர்கள். ஆழிப்பேரலையில் காணாமற்போனோருக்காக 2005இன் 16ஆம் இலக்கச் சட்டம் வந்தது. யுத்தத்தில் காணாமற்போனோருக்காக 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு வள்ளத்தோடு போன மூன்று பேருக்காக யார் சட்டம் கொண்டு வருவார்கள்? அங்கே முதலில் தேவைப்படுவது, இன்னார் இன்ன நாளில் கடலுக்குப் போனார் என்பதற்கான அத்தாட்சி.

யுத்தத்தில் முதற்கணவரை இழந்து, மறுமணம் செய்து, இப்போது முகத்துவாரத்தில் வசிக்கும் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். கணவர் புறப்படும் ஒவ்வொரு தடவையும் படகின் பதிவிலக்கம், கூடப் போவோரின் பெயர், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம் ஆகியவற்றை மகளின் பழைய கொப்பியில் எழுதி வைக்கிறார். "அபசகுனம்" என்று மாமியார் ஏசினாராம். நீங்களும் எழுதுங்கள் சகோதரிகளே. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை மாலையில் வானொலியில் கேட்டு, அவர் புறப்படுமுன் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் விடியும்வரை காத்திராமல் சங்கத்துக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்தால் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அதே கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.